பழைய மாடித் தோட்டத்தைப் புதுப்பிக்க: தொட்டிச் செடிகள், கத்தரித்த வேலிப் பாத்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து வருடத்துக்கு முன்பு ஆசையாகப் போட்ட மாடித் தோட்டம். இப்போது தொட்டி மண் கல்லாகிவிட்டது. வரிசையாக நட்ட துரந்தா வேலி மேலே குடை போலவும் அடியில் குச்சி குச்சியாகவும் நிற்கிறது. சென்னையிலும் மற்றத் தமிழக ஊர்களிலும் இப்படி இருக்கும் மாடிகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பூமியில் போடும் தோட்டத்துக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது? நர்சரிக்குப் போய்ப் புதுச் செடி வாங்கிவிடலாமா?

வாங்கலாம், கடைசியில். முதலில் தளம், அடுத்து தண்ணீர் வடிகிற வழி, பிறகு மண், அதற்குப் பிறகு கவாத்து, அதாவது கிளை வெட்டுதல். இந்த நாலும் முடிந்தால் எந்த இடம் காலியாகிறது, அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பது தானாகத் தெரியும். நேராக நர்சரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய மண்ணிலேயே புதுச் செடியைச் செருகி, மூன்று மாதத்தில் அதையும் பழைய செடி போல ஆக்கிவிடுகிறார்கள்.

தொடங்கும் நாளில் செடிகளை மூன்றாகப் பிரியுங்கள். துளிர் இருப்பவை, தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிபவை, கீறினால் பழுப்பாக இருப்பவை. மூன்றாவது ரகத்துக்கு இரக்கம் காட்டுவதில் பயனில்லை. இரண்டாவது ரகம்தான் உங்கள் உழைப்பைக் கேட்கும்.

எந்த மாதத்தில் செய்வது?

ஆடி, ஆவணி. கத்திரி வெயில் தணிந்து மாலை மழை எட்டிப் பார்க்கும் நேரம் அது. வெட்டிய செடி வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் துளிர்த்து, ஓரளவு வேர் பிடித்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது வயலுக்குத்தான் என்றாலும் மாடிக்கும் அது சரியாக வருகிறது. அதைத் தவறவிட்டால் தை மாதம். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி மாற்றினால் அறுத்த வேர் ஈரத்தில் அழுகும். சித்திரையில் மாற்றினால் வேர் தண்ணீர் எடுக்கும் முன்பே இலை காய்ந்துவிடும்.

மல்லிகை வகைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியில் அதே உயரத்துக்கும், முல்லையை ஜனவரி கடைசியில் 45 செ.மீ. அளவுக்கும் வெட்டுவார்கள். ஆடியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டுகிற வேகத்தில் கத்தரியை இவற்றின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

தளம் எவ்வளவு எடை தாங்கும்?

ஆட்கள் ஏறிப் புழங்கும் சமதளக் கூரைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி சொல்லும் மேற்பளு, அதாவது தளத்தின் சொந்த எடை போக மேலே ஏறும் பாரம், சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ. சதுர அடிக்கு 14 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களும் தொட்டியும் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது கணக்கு. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள குரோ பேக் ஒன்றில் சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும். தென்னைநார்த்தூள் கலவை என்றால் நனைந்தபின் 20 கிலோ. வெறும் செம்மண் என்றால் 35 கிலோ. ஆக, தென்னைநார்க் கலவையே ஆனாலும் பைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரம்பு தாண்டுகிறது. ஒரு வரிசைப் பை, ஒரு வரிசை நடைபாதை என்று விட்டால் சராசரி 10 கிலோவுக்கு இறங்கும்.

வேலிப் பாத்திதான் உண்மையான பாரம். 10 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் உள்ள நீளத்தொட்டியில் 530 லிட்டர் கலவை போகும். இலகுவான கலவை போட்டாலும் அரை டன்னுக்கு மேல். சதுர அடிக்கு 35 கிலோ, அதாவது அனுமதியைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே வடிவமான பாத்தி வேண்டும் என்பவர்கள் அதை மாடியின் நடுவில் போடக் கூடாது. கீழே சுவரோ பீமோ ஓடுகிற கோட்டின் மேல், பெரும்பாலும் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைப்பதே வழி. அதற்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். செங்கல் வைத்துத் தளத்தின் மேலேயே பாத்தி கட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செங்கல்லின் எடையும் சேரும், கசிந்தால் இடிக்காமல் சரிசெய்யவும் முடியாது. செய்யாதீர்கள்.

தொட்டிகளை நகர்த்தியபின் தளத்தில் என்ன பார்க்க வேண்டும்?

தட்டோடுகளின் இணைப்பில் சாந்து உதிர்ந்திருக்கிறதா, ஓட்டைக் காலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறதா, கீழ் வீட்டுக் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நின்ற இடத்தில் வட்டமாக வெள்ளை உப்பும் பாசியும் இருந்தால் அங்கே தண்ணீர் பல மாதம் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகம் இருந்தால் மழைநீர்க் குழாய் வாயைத் துணி திணித்து அடைத்து, 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விடுங்கள். கீழே கறை வந்தால் முதலில் நீர்க்காப்பு வேலை, தோட்டம் பிறகு. இந்தச் சோதனையைச் செய்யும்போது தளத்தில் தொட்டிகள் இருக்கக் கூடாது. 2 அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ.

கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசு, ஆல் கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை எச்சத்தில் வருபவை. மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், ஒவ்வொரு முறையும் வேர் தடிக்கும். சாந்தைக் கொத்தி வேரோடு எடுத்துப் பூசிவிடுவதுதான் தீர்வு.

திரும்ப அடுக்கும்போது எல்லாத் தொட்டிக்கும் 3 அல்லது 4 அங்குல உயரத்தில் ஸ்டாண்டு வேண்டும். அடியில் துடைப்பம் நுழைய வேண்டும், அதுதான் அளவு. மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி ஓர் அடிக்கு எதையும் வைக்காதீர்கள். வாய்க்கு உருண்டையான கம்பிவலை மூடி போடுங்கள். தட்டையான சல்லடையை ஒரே ஒரு பெரிய இலை அடைத்துவிடும்.

பழைய மண்ணைக் கொட்டிவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அப்படியே திரும்பப் போடவும் வேண்டாம். தொட்டியைக் கவிழ்த்து, வேர்களையும் புழுக்களையும் பொறுக்கி, கட்டிகளை உடைத்துச் சலியுங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை இருந்த மண்ணில் வேர்களைக் கவனியுங்கள். வேரிலேயே மணி மணியாக முடிச்சு வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு வகைச் செடிகளின் வேரில் இருக்கும் முடிச்சு வேறு. அது நல்லது, விரலால் உரசினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு உதிராது.

நூற்புழுவோ வாடல் நோயோ இருந்த மண்ணைச் சற்றே ஈரமாக்கி, 6 அங்குல உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி போன்ற நிறமற்ற பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் கல் வைத்து, சித்திரை வைகாசி வெயிலில் 4 முதல் 6 வாரம் வைக்க வேண்டும். கறுப்பு விரிப்பு போடுவது வழக்கமான தவறு. விரிப்புதான் சூடாகுமே தவிர மண் அந்த அளவு சூடாகாது. நோய் இல்லாத மண் என்றால் ஒரு வாரம் வெயிலில் உலர்த்தினால் போதும்.

பிறகு பழையது 6 பங்கு, புதுக் கலவை 4 பங்கு.

புதுக் கலவைக்கு அளவு என்ன?

100 லிட்டர் கலவைக்கு: ஊறிப் பொங்கிய தென்னைநார்த்தூள் 40 லிட்டர், மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் 25 லிட்டர், சலித்த செம்மண் 20 லிட்டர், கருக்கிய உமி அல்லது பெர்லைட் 15 லிட்டர். இதோடு வேப்பம் புண்ணாக்கு 300 கிராம், எலும்புத்தூள் 200 கிராம், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம். டிரைக்கோடெர்மாவை ஒரு வாரம் முன்பே ஈரமான மண்புழு உரத்தில் கலந்து நிழலில் மூடி வைத்தால் பெருகியிருக்கும். எல்லாம் கலந்தபின் பத்து நாள் சும்மா வையுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். உடனே நட்டால் இளவேர் வெந்துபோகும்.

தென்னைநார்த்தூள் 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும். இதில் பலர் விடும் பிழை கழுவாமல் போடுவது. நாரில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். ஊற வைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். இளம் டீ நிறத்துக்கு வந்தபின் பயன்படுத்தலாம், பெரும்பாலும் மூன்றாவது தண்ணீர். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையில் (கிட்) தரும் 2 கிலோ கட்டிக்கும் இதே முறைதான்.

வேலி நடும் நீளத்தொட்டிக்குச் செம்மண்ணை 30 லிட்டராகக் கூட்டி, தென்னைநாரை 30 ஆகக் குறையுங்கள். வேலி பல வருடம் நிற்கப் போகிறது. நார் மக்கி அமுங்க அமுங்கச் செடி வரிசையே இறங்கும், மேற்கோடு கோணும்.

தொட்டிக்குள் வேர் சுருண்டுவிட்டது. எப்படி மாற்றுவது?

முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் இறங்கியபின், பழைய கத்தி ஒன்றைத் தொட்டியின் உள்விளிம்போடு ஒரு சுற்று ஓட்டி, தொட்டியைச் சாய்த்து, அடித்தண்டைப் பிடித்து இழுக்காமல் தொட்டியைத் தட்டிக் கழற்றுங்கள். வெளியே வருவது தொட்டியின் அச்சாகவே இருக்கும். பக்கமெல்லாம் வெள்ளை நூல், அடியில் பிரிமனை போலத் தடித்த சுற்று. அந்தப் பிரிமனையைப் பிரித்து நீட்டி வைக்கப் பார்க்காதீர்கள், அறுத்துவிடுங்கள். அடியிலிருந்து கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. பக்கங்களில் நாலு இடத்தில் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கீறினால் சுற்றி ஓடும் வேர் அங்கே நின்று புதிதாகக் கிளைக்கும். கெட்ட வாடை அடித்து, தொட்டால் தோல் உரியும் வேர் இருந்தால் அது அழுகல். நல்ல பாகம் வரும்வரை வெட்டுங்கள்.

வேரில் எவ்வளவு போனதோ அந்த அளவு மேலேயும் கிளையைக் குறைக்க வேண்டும். பெரிய தொட்டிக்கு மாற்றுவதென்றால் 2 அங்குலம் மட்டும் பெரிதாகப் போதும். 8 அங்குலச் செடியை நேராக 16 அங்குலத் தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடந்து புளிக்கும். நட்டபின் அடித்தண்டு முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கட்டும். விளிம்பில் ஒன்றரை அங்குலம் காலியாக விடுங்கள், தண்ணீர் நிற்க. 7 முதல் 10 நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். முதல் மூன்று வாரம் எந்த உரமும் வேண்டாம்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமாமே?

வடியாது. மண்ணின் அடிப்பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தொங்கிக்கொண்டு நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈரமட்டம் ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும். எடையும் கூடும். ஓட்டையின் மேல் ஒரு ஓட்டாஞ்சில்லோ வலைத்துண்டோ போதும்.

வேலி (ஹெட்ஜ்) அடியில் மொட்டையாகிவிட்டது. பிடுங்கிவிட வேண்டுமா?

செடி எது என்பதைப் பொறுத்தது. துரந்தா, அகாலிபா, மருதாணி, சங்கங்குப்பி எல்லாம் பழுத்த கட்டையிலிருந்தே துளிர்க்கும். காமினியும் துளிர்க்கும், ஆனால் பொறுமை வேண்டும். துஜா துளிர்க்காது. உள்ளே காய்ந்து பழுப்பான துஜாவை எவ்வளவு வெட்டினாலும் அந்தப் பொந்து பொந்தாகவே இருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

அடி மொட்டையாவதற்குக் காரணம் வெட்டும் விதம். மேல்பாகம் அகலமாகவும் அடி குறுகலாகவும் போனால் அடி இலைக்கு வெயில் எட்டாது, செடி அதை உதிர்த்துவிடும். வேலியின் குறுக்குவெட்டு இட்லிக்கொப்பரை போல அடி பரந்து மேல் குறுகி இருக்க வேண்டும். இரண்டடி உயர வேலிக்கு ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் உள்ளே சாய்ந்தால் போதும்.

மீட்பது இப்படி. வெட்டுவதற்கு மூன்று வாரம் முன்பு ஓரடி நீளத்துக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தவறாமல் தண்ணீர் விடுங்கள். செடி தெம்பாக இருக்க வேண்டும். ஆடியில் ஒரு பக்கத்தை மட்டும் நடுத்தண்டிலிருந்து 3 அங்குலம் விட்டு வெட்டுங்கள். மேல்மட்டத்தை நீங்கள் விரும்பும் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு தாழ்வாக இறக்குங்கள். மறுபக்கத்து இலை அதுவரை செடிக்குச் சோறு போடும். பத்து வாரம் கழித்து, வெட்டிய பக்கம் பச்சை கட்டியபின், மறுபக்கம். அது மழை தொடங்கும் காலத்தில் வருமானால் தைக்குத் தள்ளிவிடுங்கள், அவசரமில்லை. இரண்டு பக்கமும் மேல்மட்டமும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் துரந்தா பிழைத்துக்கொள்ளும், காமினி சில இடங்களில் பிழைக்காது.

இதுவரை நிழலிலேயே இருந்த கட்டை திடீரென்று மாடி வெயிலுக்கு வருவதால் பட்டை வெந்து வெடிக்கும். இரண்டு வாரம் 50 சதவீத நிழல்வலையை அந்தப் பக்கம் கட்டுங்கள். புதுத் துளிர் 4 அங்குலம் வந்ததும் பாதியைக் கிள்ளுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள். கிள்ளாத துளிர் ஒற்றைக் குச்சியாக மேலே ஓடும், கிள்ளியது இரண்டாக மூன்றாகப் பிரியும். வேலி அடர்வது இங்கேதான்.

நடுவில் செத்த செடி இருந்தால் அந்தப் பொந்தில் வெறுமனே ஒரு பாக்கெட் செடியைச் செருகாதீர்கள், இருபக்கத்து வேரும் அதைத் தின்றுவிடும். கரணையை இருபுறமும் செங்குத்தாக இறக்கிப் பக்கத்து வேரை அறுத்து, ஒரு வாளி பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புதுக் கலவை நிரப்பி நடுங்கள்.

மாடிக்கு எந்த வேலிச் செடி சரி?

நல்ல வெயிலுக்குக் கோல்டன் துரந்தா. வெயில் குறைந்தால் தங்க நிறம் போய்ப் பச்சையாகிவிடும். சீக்கிரம் வளரும், ஆகவே மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரி எடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும். வெட்டாமல் விட்டால் பூத்துக் காய்க்கும். அந்தக் காய் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்.

கடற்கரையை ஒட்டிய மாடி, உப்புக் காற்று, உவர்ப்பான போர் தண்ணீர் என்றால் சங்கங்குப்பியை மிஞ்ச ஒன்றுமில்லை. அழகில் துரந்தாவுக்கு ஒரு படி கீழே, தாக்குப்பிடிப்பதில் பல படி மேலே. மருதாணி வறட்சியைத் தாங்கும், ஆனால் தண்ணீர் தவறினால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். சிறிய இலை இட்லிப்பூ ஓரடி, ஒன்றரை அடி வேலிக்கு நல்லது. பூ நுனியில்தான் வரும் என்பதால் அடிக்கடி வெட்டினால் வேலி கிடைக்கும், பூ கிடைக்காது.

அரைநிழலுக்குக் காமினி. இது கறிவேப்பிலைக்குச் சொந்தம். எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் சைலிட் பூச்சி இரண்டிலும் குடியிருக்கும், ஆகவே எலுமிச்சைத் தொட்டியை எட்ட வையுங்கள். தெற்குக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் காமினிக்கு ஏற்ற இடம். சென்னையில் மார்கழி நண்பகலில் 3 அடிச் சுவரின் நிழல் வடக்கே 2 அடிக்கு மேல் விழும். அங்கே துரந்தா வைத்தால் அந்தப் பருவத்தில் அடி மெலிந்துவிடும்.

பைகஸ் (ஆல், அரசு இனம்) வகைகளைத் தளத்தின் மேல் நடவே வேண்டாம். வேர் தொட்டி ஓட்டை வழியே இறங்கித் தட்டோட்டு இணைப்பைத் தேடிப் போகும். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் பாக்ஸ்வுட் நம் சமவெளி வெயிலுக்கு வீண் செலவு.

புதிதாக வேலி வைக்கும்போது இடைவெளி எவ்வளவு?

துரந்தா, காமினி 9 அங்குலம். 10 அடி நீளத்துக்கு 14 செடி. உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டுமென்றால் தொட்டி ஒன்றேகால் அடியாவது ஆழம் இருக்க வேண்டும். பாத்தி ஓரத்துக்கு ஆல்டர்நாந்திரா என்றால் 6 அங்குலம், 9 அங்குல ஆழமே போதும். உயரமான பாக்கெட் செடிகளைத் தேடாதீர்கள், அடியிலேயே கிளைத்த குட்டையானவற்றை எடுங்கள். நட்டு வேர் பிடித்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். அரை அடி வளர்ந்தபின் மறுபடி. உயரம் வந்தபிறகு அடர்த்தியாக்கலாம் என்று காத்திருந்தால் அடி ஒருபோதும் அடராது.

வெட்டினால் நேர்கோடு வருவதில்லையே?

கண் அளவில் யாருக்கும் வராது. இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கொத்தனார் நூலை இறுக்கிக் கட்டுங்கள். உயரத்தைத் தளத்திலிருந்து அளக்க வேண்டாம். மாடித் தளம் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும், வேலியும் சரியும். நூலில் ரசமட்டத்தைத் தொங்கவிட்டோ நிறமற்ற டியூபில் தண்ணீர் மட்டம் பார்த்தோ இரு முனையையும் சமப்படுத்துங்கள். முதலில் பக்கங்களை அடியிலிருந்து மேலாக, கடைசியில் மேல்மட்டம். கத்தரியின் அலகை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மொண்ணைக் கத்தரி இலையை நசுக்கும், இரண்டே நாளில் வேலி முழுக்கப் பழுப்பு விளிம்பு தெரியும்.

வேலிக்குள் பாத்தியில் என்ன நடலாம்?

நித்தியகல்யாணி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வெயில் கொளுத்தும் மாதங்களில் டேபிள் ரோஸ். ஒரு பாத்திக்கு ஒரே நிறம். நாலு நிறம் கலந்தால் வேலி கொடுத்த ஒழுங்கு போய்விடும். சிவப்புத் தண்டுக்கீரையைக் கட்டமாக விதைத்தால் எந்தப் பூவுக்கும் குறைந்ததல்ல, பறித்துச் சமைக்கவும் ஆகும்.

பாத்தியில் நேராக நடாமல் 6 அங்குலத் தொட்டிகளை விளிம்புவரை மண்ணில் புதைத்து வைப்பது இன்னும் வசதி. பூ முடிந்த தொட்டியைத் தூக்கிவிட்டு மொட்டு விட்டதை வைக்கலாம், வேலியின் வேரும் கலையாது.

தண்ணீர் எவ்வளவு? சொட்டுநீர் போடலாமா?

கத்திரி வெயிலில் 12 அங்குலத் தொட்டிக்கு நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர், 8 அங்குலத்துக்கு அரை லிட்டர். காலை பாதி, மாலை பாதி. மழைக்காலத்தில் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும்.

சொட்டுநீர் நல்லதுதான், ஆனால் மாடியில் அழுத்தம் போதாது என்பதைப் பலர் சாமான் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி தோட்டத்தைவிட 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார். அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான்கள் பெரும்பாலானவற்றுக்கு அரை பாராவது வேண்டும். அவற்றை மாட்டினால் முதல் சில தொட்டிக்குச் சொட்டும், மீதி காயும். சாதாரணத் திருகு வகைச் சொட்டுவானோ மைக்ரோ டியூபோ வாங்குங்கள், அல்லது சிறிய பம்பு சேருங்கள். 16 மி.மீ. குழாய், தொடக்கத்தில் ஒரு வடிகட்டி. கடைசித் தொட்டியில் டம்ளர் வைத்துப் பத்து நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து நேரத்தை முடிவுசெய்யுங்கள், பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி அல்ல.

தண்ணீர் ஊற்றியதும் ஓரமாக ஓடி அடியில் கொட்டிவிடுகிறதா? தென்னைநார் முற்றிலும் காய்ந்து தண்ணீரை ஏற்க மறுக்கிறது. தொட்டியை அரை மணி நேரம் ஒரு டப்பில் உட்கார வைத்து அடியிலிருந்து ஊற விடுங்கள்.

மண்மேல் வெள்ளைப் பொடி, இட்லிப்பூ இலை மஞ்சள். இரண்டும் ஒன்றா?

பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது: போர் தண்ணீர். பொடி உப்பு. மேல் அரை அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். மழைநீர் என்றால் மிக நல்லது. கோடையில் மாதம் ஒருமுறை இது தேவைப்படும்.

இட்லிப்பூவில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மை கூடியதால் செடியால் எடுக்க முடியவில்லை. சிமெண்டுத் தொட்டியும் இதைக் கூட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து உடனே, மாலையில், இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தட்டோட்டில் சிந்தினால் துருக்கறை போகாது, அடியில் சாக்கு விரியுங்கள். பழைய இலை மஞ்சளானால் இது அல்ல, தழைச்சத்துக் குறை. அதற்கு மண்புழு உரமோ 3 சதவீதப் பஞ்சகவ்யமோ, அதாவது லிட்டருக்கு 30 மி.லி.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி விடாமல் வருகிறது.

எறும்பைக் கவனியுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குச் சுமந்தும் போகும். ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும், கிண்ணத்தில் கொசு முட்டையிடாமல் வாரம் ஒருமுறை கொட்டிவிட்டால். சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பைப்பை அழுத்திப் பிடித்து மீதியை அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய அளவாகக் காதி சோப்பு. மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒன்றாக மூன்று முறை. ஒரே முறை அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்கள் முட்டை பொரிந்து வருவதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு மாடியில் கடும் ரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டாம். பக்கத்துக் கொடியில் துணி காயும், அடுத்த தொட்டியில் கீரை இருக்கும்.

புயல் மழைக்கு முன் என்ன செய்வது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. அந்த வேகத்தில் கைப்பிடிச் சுவர் மேலிருக்கும் தொட்டி ஒரு குண்டு. சுவர் மேல் எந்த மாதத்திலும் தொட்டி வைக்காதீர்கள். எச்சரிக்கை வந்ததும் நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பாய்மரமாகிக் கம்பத்தையும் பிடுங்கும். உயரமான செடிகளைக் காற்று வரும் பக்கச் சுவரை ஒட்டிப் படுக்க வையுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள்.

மழைநீர்க் குழாய் வாயை அன்றே சுத்தம் செய்யுங்கள். அடைத்துக்கொண்டு 4 அங்குலம் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுகிறது, அதுவும் தொட்டிகள் எல்லாம் நனைந்து கனத்திருக்கும் நாளில்.

மழை ஓய்ந்தபின் மண்ணில் சத்து பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். மார்கழிக் கடைசியில் மேல் மண்ணைக் கொத்திவிட்டு, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் 30 கிராம் வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள்.

ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். யாரும் இல்லை.

தொட்டிகளை எல்லாம் நிழல் விழும் மூலையில் நெருக்கி வையுங்கள். அங்கே கீழே சுவர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்மேல் தென்னைநாரோ சருகோ 2 அங்குலம் மூடுங்கள். வேலித் தொட்டியை நகர்த்த முடியாது, ஆகவே அதற்கு மட்டுமாவது சொட்டுநீரும் டைமரும். கிளம்பும் முன்தினம் கத்தரி போடாதீர்கள். வெட்டியதும் வரும் இளந்துளிர்தான் முதலில் வாடும்.